சோறு திங்கிற ஊரில் கோதுமை ஆகாத பிள்ளை

"சோறு திங்கிற ஊருல இந்த நோய் எப்படி டாக்டர் வந்துச்சு?"

போன மாசம் ஓபியில ஒரு அம்மா கேட்டது. சிதம்பரம் பக்கம் கிராமம். மகளுக்கு நாலு வயசு. எடை ஏறல, வயிறு உப்பல், விடாத வயித்துப்போக்கு. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி முடிஞ்சு சீலியாக் நோய்னு உறுதியாச்சு. "எங்க சொந்தத்துல யாருக்கும் இல்லையே, யார்கிட்ட போய்க் கேக்குறது"ன்னு அழுதுட்டாங்க.

அவங்களுக்குச் சொன்ன கதைதான் இது.

1888, லண்டன். சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணம் உண்டென்றால் அது உணவால்தான் என்றும் சொன்னார். அதுவரை சரி. ஆனால் அரிசி ஆகாது, ரொட்டியை மெல்லிசா வெட்டி டோஸ்ட் போட்டுக் கொடுக்கலாம்னு எழுதிட்டார்! அப்படியே தலைகீழ். அவர் பார்த்த ஒரு குழந்தை தினமும் மட்டி தின்று தேறியது. மட்டி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்தது. மட்டி நிரம்பின வயித்துல ரொட்டிக்கு இடமில்லாமப் போயிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

1924-ல் அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தேறினார்கள். பழத்துக்குப் பெயர் போச்சு, ரொட்டியை நிறுத்தியதை யாரும் கவனிக்கல.

கவனிச்சவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. ரொட்டியை நிறுத்தினா என் பிள்ளைக்குத் தேவலைன்னு ஒரு தாய் சொன்னதை அவர் ஒதுக்கித் தள்ளல. 1941-லேயே கோதுமையில்லா உணவு பற்றி எழுதினார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அங்கே கடும் பஞ்சம். ஜனங்க துலிப் கிழங்கைத் தின்னாங்க. ஊரே மெலிஞ்சப்போ இந்தக் குழந்தைகள் மோசமாகல. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் வந்தது. 1950-ல் அதையே ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். குற்றவாளி கோதுமையின் குளூட்டன் புரதம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

இந்தியாவுக்கு வருவோம். 1966-லேயே வட இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோய் பதிவானது. 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் வடக்கே ஆயிரம் பேரில் 8 பேருக்கு மேல்; தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம்தான். கோதுமை அளவில்தான் பெரிய வித்தியாசம்.

அந்த அம்மாவோட கேள்விக்குப் பதில் அதுதான். அரிசிதான் நம்மைக் காப்பாத்திட்டு இருந்தது. இப்ப பிஸ்கட், பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் வீட்டுக்குள்ள வந்தாச்சு. நம்ம பக்கம் அரிது என்பதால் டாக்டர்களுக்கும், நான் உட்பட, சட்டுனு தோணாது.

ஒண்ணு நல்லது. டிக்கே காலத்து டச்சு அம்மாவுக்கு ரொட்டியில்லாம சமைக்கிறது பெரும்பாடு. கடலூர் அம்மாவுக்கு இட்லி, பொங்கல், கேழ்வரகு, கம்பு இருக்கு. நம்ம சிதம்பரம் சம்பா சாதமும் கொத்சுவும்கூட ஓகே. ஆனா கூட்டுப் பெருங்காயத்துல மைதா கலந்திருக்கும், லேபிளைப் படிங்க. அங்கன்வாடி சத்துமாவுல கோதுமை உண்டு. பள்ளிக் காலை உணவுல ரவா உப்புமா, சேமியா உப்புமா வர்ற நாள்ல பிள்ளைக்கு வீட்டு டப்பா கட்டிக் கொடுங்க. டீச்சர்கிட்டயும் சமையல் அக்காகிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

துணைக்கு ஆள் வேணும்னா, தில்லியில் சீலியாக் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கு.

உங்க பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தா, டெஸ்ட் எடுக்கும்முன் கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்தினா நோய் இருந்தும் ரிசல்ட் நார்மல்னு வரலாம்.