எழுத்துருவின் இருப்பிடம்

அச்சுக்கூடத்தார் ஈய எழுத்துக்களைத் தம்மிடத்தே காத்துவந்தனர். அச்சாகி வந்த தாளை வாசிப்பவருக்கு அவ்வெழுத்துப் பெட்டியைப் பற்றி யாதொரு கவலையும் இருந்ததில்லை. இணையத்தளம் தோன்றியபோது இம்முறை தலைகீழாயிற்று. பக்கத்தை ஆக்கியவர் அனுப்பியது வெறுங் குறியெண்களையே. அவற்றுக்கு வடிவங்கொடுக்கும் எழுத்துருக் கோப்பு, வாசிப்பவரின் கணினியிலே இருத்தல் வேண்டும்.

ஆங்கிலம் வாசித்தோர் இதனைப் பெரிதும் உணர்ந்திலர். தமிழர் உணர்ந்தனர். 1990களில், இன்ன எழுத்துருவை முதலில் நிறுவிக்கொள்க என்னும் அறிவித்தலைத் தமிழ்ப் பக்கங்களிற் காண்பது வழக்கம். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிலே, ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே கணினியிற் பதிந்தது. எழுத்துரு இருந்தால் அம்மா. இல்லையேல் பொருளற்ற குறிக்கூட்டம். வேறு முறையில் அமைந்த எழுத்துருவிலோ அதே சொல்லுக்கு வேறு குறிகள். 1999இல் சென்னையிற் கூடிய தமிழிணையம் 99 மாநாடு இக்குறிமுறைகளை ஒழுங்குபடுத்த முயன்றது. ஆயினும், 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோட் முறை கணினிகளிற் பரவிய பின்னரே குழப்பம் தணிந்தது. பழைய முறையில் எழுதி, மாற்றப்படாது விடப்பட்ட பக்கங்கள் இன்றும் குறிக்கூட்டமாகவே கிடக்கின்றன. எழுதியவர் உழைப்பை எண்ணினால் இது சிறிய இழப்பன்று.

எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பிவிட்டால் என்ன? 1997இல் மைக்ரோசொப்ற், நெற்ஸ்கேப் ஆகிய இரு நிறுவனங்களும் இதற்கு வழி செய்தன. ஒன்றின் வழி மற்றதற்குப் பொருந்தவில்லை. எழுத்துருக் கோப்பு இருக்குமிடத்தைப் பக்கத்தின் நடைத்தாளிலே குறிப்பிடும் விதி 1998இல் வகுக்கப்பட்டது. களவு போகுமென்று எழுத்துரு ஆக்குவோர் அஞ்சினர்; விதி பத்தாண்டு உறங்கியது. 2008இல் சபாரி உலாவியும், 2009இல் பயர்பொக்ஸ் உலாவியும் சாதாரண எழுத்துருக் கோப்புகளை ஏற்றன. அவற்றைச் சுருக்கி அனுப்பும் வொவ் வடிவம் 2012இல் நியமமாயிற்று.

இதற்கிடையே, 2010இல் கூகிள் நிறுவனம் எழுத்துருக்களை இலவசமாக வழங்கத் தொடங்கவே, தளம் அமைப்போர் பலர் கோப்பைத் தம்மிடம் வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டனர். ஒரு தளத்துக்காக இறங்கிய எழுத்துரு மறு தளத்துக்கும் உதவுமென்பது அவர்கள் கூறிய நியாயம். 2020இல் குரோம் உலாவி தன் சேமிப்பைத் தளந்தோறும் பிரித்துவைத்தது. அந்த நியாயம் வலுவிழந்தது. 2022 சனவரியில், பார்வையாளர் ஒருவரின் இணைய முகவரி அவர் சம்மதமின்றிக் கூகிளுக்குச் சென்றதற்காகத் தளத்துக்குரியவர் 100 யூரோ கொடுக்கவேண்டுமென மியூனிச் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்துருவைத் தம் வழங்கியிலேயே வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இதனால் மேலும் வலுப்பெற்றது.

வைத்திருப்பவர் அறியவேண்டியது ஒன்றுண்டு. ‘கு’ என்பதற்குத் தனிக் குறியெண் இல்லை. ககரத்தையும் உகரக்குறியையும் ஒரே வடிவாக்கும் விதி கோப்பினுள்ளே இருக்கிறது. கோப்பைச் சிறிதாக்கும் ஆசையில் அவ்விதியையும் நீக்கிவிட்டால், ககரம் ஒருபுறமும் உகரக்குறி ஒருபுறமுமாக எழுத்துப் பிளவுண்டு நிற்கும்.