ஏ.எம்.ஏ. அஸீஸ் விட்டுவந்த இரண்டு இடங்களும் எங்கள் ஓ.எல். பிள்ளைகளும்

 

ஓ.எல். முடிவு வந்தால் உருத்திரபுரத்தில் ஒரு கிழமைக்கு ஒரே கேள்விதான். எட்டாம் வாய்க்கால் பக்கம் போனாலும், பத்தாம் வாய்க்கால் பக்கம் போனாலும் யாராவது சைக்கிளை மறித்துக் கேட்பார்கள். "சேர், இவனை ஏ.எல்.லுக்கு என்ன பாடத்துக்கு விடுறது?" கேட்பது பெரும்பாலும் தாய். பக்கத்தில் நிற்கிற பிள்ளை வாயே திறக்காது. ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. கணக்கு ஓடினால் மட்ஸ், பாடமாக்க ஏலுமென்றால் பயோ, இரண்டும் இல்லையென்றால் ஆர்ட்ஸ். என்னிடம் கேட்பது அந்த விடையை உறுதிப்படுத்தத்தான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அதனால் இந்த முறை விடைக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையை எழுதுகிறேன். நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

அவர் பெயர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911 ஒக்டோபர் 4 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தகப்பன் எஸ்.எம். அபூபக்கர் ஒரு புரொக்டர், ஊரில் மதிப்பான ஆள். மகன் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்தில், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். முஸ்லிம் பிள்ளை, சைவப் பாடசாலை. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அதை யாரும் புதினமாகப் பார்க்கவில்லை. அவரும் கடைசிவரை அந்தப் பாடசாலைகளை நன்றியோடு பேசினார்.

தகப்பன் புரொக்டர் என்றால் மகன் சட்டம் படிப்பான் என்றுதான் நாங்கள் நினைப்போம். அஸீஸ் கொழும்பில் யுனிவர்சிட்டி கொலேஜுக்குப் போய் எடுத்தது வரலாறு. 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டம் பெற்றார். அப்போது இலங்கைக்கென்று தனியாகப் பல்கலைக்கழகம் இல்லை, அது 1942 இல்தான் வந்தது. பட்டத்தின் பின் அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்து கேம்பிரிட்ஜுக்கு மேற்படிப்புக்குப் போனார்.

அங்கே முதலாவது சந்தி. மேற்படிப்பைத் தொடர்ந்திருந்தால் ஒரு வரலாற்றுப் பேராசிரியராக வந்திருக்கலாம். அதே நேரம் சிவில் சேர்விஸ் பரீட்சையிலும் தேறிவிட்டார். கேம்பிரிட்ஜை விட்டு வந்து 1935 இல் இலங்கை சிவில் சேர்விஸில் சேர்ந்தார். அந்தச் சேவைக்குள் போன முதலாவது இலங்கை முஸ்லிம் அவர்தான்.

சீ.சீ.எஸ். என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. வெள்ளைக்காரன் ஆட்சியில் நாட்டை நடத்திய சிறு கூட்டம் அது. ஏ.ஜி.ஏ., ஜீ.ஏ. எல்லாம் அதிலிருந்துதான் வருவார்கள். வருடத்துக்கு ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கலியாணச் சந்தையில் அதற்கு மேலே வேறு வேலை கிடையாது. இன்று டொக்டருக்கு இருக்கும் மவுசை நாலால் பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்த இடம் 1942. யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. நாட்டுக்கே சோறு இல்லாத நிலை. உணவு உற்பத்தியைக் கூட்டவென்று அஸீஸை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். காடு வெட்டி, வயலாக்கி, நெல் விளைவிக்கும் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு. கேம்பிரிட்ஜ் பார்த்த மனிதர் வரம்பில் நின்றார்.

எங்கள் ஊரின் பிறப்பும் இதே சங்கதியோடு சேர்ந்ததுதான். இரணைமடுத் தண்ணீரை நம்பி, 1930களின் நடுப்பகுதியிலிருந்து கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லை, வேலை இல்லை, சனம் கூடிவிட்டது. காணி தந்தால் வன்னிக்குப் போவோம் என்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். வாய்க்காலுக்கு இலக்கம் போட்டு, இலக்கமே ஊர்ப்பெயராகிவிட்ட இடம் இது. அந்தப் பாட்டன்மாரிடம் "நீ என்னவாக வரப்போகிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. கத்தியும் மண்வெட்டியும் கிடைத்தது, காடு நின்றது, வெட்டினார்கள்.

கல்முனையில் அஸீஸ் நெல்லை மட்டும் பார்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாம், எட்டாம் வகுப்போடு நின்று வயலுக்கும் கடைக்கும் போவதைக் கண்டார். காரணம் பிள்ளையின் சோம்பலும் இல்லை, தகப்பனின் அறியாமை மட்டும் இல்லை. பக்கத்தில் மேல்வகுப்புள்ள பாடசாலை இல்லை. தூரத்தில் விட்டுப் படிப்பிக்கக் காசு இல்லை. அந்தக் காலத்தில்தான் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருக்கமான பழக்கம் உண்டானது.

விபுலாநந்தரின் வழியும் நேர்வழி இல்லை. மயில்வாகனனாகப் பிறந்து, விஞ்ஞானம் படித்து, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகி, பிறகு எல்லாவற்றையும் விட்டு இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். கடைசியில் எங்கே வந்தார்? 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானம் வீண்போகவில்லை. அவருடைய யாழ் நூலில் இசைச் சுரங்களுக்குக் கணக்குப் போட்டிருப்பதைப் பாருங்கள், அங்கே பழைய விஞ்ஞான மாஸ்டர் தெரிவார். பயோ படித்துவிட்டு வேறு துறைக்குப் போன பிள்ளையைப் பார்த்து "நாலு வருசம் நாசம்" என்று சொல்லும் மாமாமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

கல்முனையில் இருக்கும்போதே அஸீஸ் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மாற்றலாகிப் போன பிறகு, 1945 மே மாதம், அதை நாடு முழுவதற்கும் விரித்து இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை ஆரம்பித்தார். திறமை இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகள் படிப்பைத் தொடரவென்று. அதே வருடம் ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கட்டணம் இல்லை என்றான பிறகும் பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் இருக்கிறதே. இலவசக் கல்வி பாடசாலை வாசலைத்தான் திறந்தது. வாசல்வரை வந்துசேர வழிச்செலவு வேறு.

இரண்டாவது சந்தி 1948. மருதானை ஸாஹிறாக் கல்லூரியை 1921 இலிருந்து நடத்தி வளர்த்த ரீ.பி. ஜாயா, டீ.எஸ். சேனநாயக்காவின் முதலாவது அமைச்சரவையில் அமைச்சராகிவிட்டார். கல்லூரிக்கு அதிபர் வேண்டும். அஸீஸ் சிவில் சேர்விஸிலிருந்து விலகி அந்தப் பொறுப்பை எடுத்தார்.

வருடத்தைக் கவனியுங்கள். அந்த வருடம் பெப்ரவரியில்தான் சுதந்திரம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்குப் போகப்போகிறார்கள். அவர்களுடைய கதிரைகள் எல்லாம் எங்கள் ஆட்களுக்குக் காலியாகும் நேரம். 13 வருட சேவை உள்ள, வயது நாற்பதுகூட ஆகாத ஒருவர் அங்கேயே இருந்திருந்தால் எவ்வளவு உயரத்துக்குப் போயிருப்பார்? மேலே போகும் ஏணி வெறுமையாகும்போது ஒருவர் இறங்கி வந்து பள்ளிக்கூட அதிபராகிறார். அன்றைக்கும் சனம் "இவருக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டிருக்கும். இன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் செய்தால் கேட்காமல் விடுவோமா?

ஸாஹிறா 1892 இல் தொடங்கிய பாடசாலை. அதற்குப் பின்னால் நின்ற சித்திலெப்பையும் ஒரு சட்டத்தரணிதான். 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, ஊர் ஊராகப் பாடசாலை வேண்டும் என்று அலைந்தவர். அஸீஸ் 1948 முதல் 1961 வரை அங்கே அதிபர். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமான இடமாக அவர் அதை வைத்திருக்கவில்லை. வடமராட்சி கரவெட்டியில் இருந்து வந்த ஒரு பெடியன் அங்கே படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அவர்தான் பேராசிரியர் கா. சிவத்தம்பி. அவரும் ஆசிரியர், பாராளுமன்ற மொழிபெயர்ப்பாளர், விரிவுரையாளர் என்று படிப்படியாக மாறிப் போனவர்தான்.

இனி ஒரு வேடிக்கை. அஸீஸ் விட்டுவந்த சிவில் சேர்விஸ் இருக்கிறதே, 1963 மே மாதம் முதலாந் திகதி அரசாங்கம் அதை இல்லாமலே செய்துவிட்டது. நிருவாக சேவை என்று புதிதாக ஒன்று வந்தது. 1935 இல் இந்தத் தீவின் உச்சியில் இருந்த வேலை, 28 வருடத்தில் பெயரோடு போய்விட்டது. ஸாஹிறா இன்றும் நடக்கிறது.

உச்சி வேலை அசையாது என்று எங்கள் சனம் ஒவ்வொரு தலைமுறையும் நம்பியது, ஒவ்வொரு தலைமுறையும் அது அசைந்தது. ஒரு காலம் கிளறிக்கல் பரீட்சைதான் யாழ்ப்பாணத்தாரின் கனவு. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது, அந்தக் கதவு மெல்ல மெல்லச் சாத்தியது. அரசாங்க வேலைக்கு மொழி தடை என்றான பிறகு, மொழி அதிகம் தடுக்காத மருத்துவமும் பொறியியலும் கனவானது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல், 1974 இல் மாவட்ட அடிப்படை. அந்தக் கோபத்திலிருந்து என்னென்ன வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "டொக்டர், எஞ்சினியர்" என்று ஒரு தாய் சொல்லும்போது அது வெறும் ஆசை இல்லை. எழுபது வருடப் பயம் அந்த வாயால் பேசுகிறது. ஆகவே தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு இன்னுமொரு கணக்கு இருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதுவரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. அதாவது மாவட்ட அடிப்படை வந்தபோது, பின்தங்கிய இடம் என்ற சலுகை வன்னி வாய்க்கால் கரைப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டி போட்டது. கலவரக் கதைகளுக்குள் இந்தச் சின்ன அநியாயத்தை யாரும் எழுதுவதில்லை.

அதே எழுபதுகளில் விவசாயம் எப்படி இருந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். இறக்குமதிக்குத் தடை, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. விசுவமடு, முத்தையன்கட்டு பக்கம் படித்த வாலிபர் திட்டம் என்று காணி கொடுத்தார்கள். மிளகாய் போட்டுக் கல்வீடு கட்டியவர்கள் உண்டு. 1977 இல் இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. தோட்டம் செய்தவன் சோம்பேறியாகிவிடவில்லை. கொழும்பில் ஒரு கொள்கை மாறியது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். பாடத்தைப் பிள்ளை தெரிவதாக நினைக்கிறோம். பாதி நேரம் தெரிவது பாடசாலை. பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலையில் "எனக்கு ஆர்ட்ஸ்தான் விருப்பம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது விருப்பமா, வேறு வழியில்லாததா என்று கேட்க வேண்டும். ஆர்ட்ஸ் லேசு என்று தள்ளிவிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விஞ்ஞான, வர்த்தகப் பிரிவுகளில் கம்பஸ் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. கலைப்பிரிவுக்கு மாவட்டக் கணக்கு இல்லை, நாடு முழுவதோடும் போட்டி. எங்கள் பிள்ளைக்குச் சலுகை இருக்கும் கதவைச் சாத்திவிட்டு, சலுகை இல்லாத கதவுக்கு அனுப்பி, அதை லேசு என்கிறோம்.

தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. அதை இன்னும் சிலர் "மட்ஸ் ஏலாதவனுக்கு" என்று பேசுகிறார்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அதே இடத்தில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகனம், மின்சாரம், கட்டடம், உணவு என்று படித்து என்.வீ.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். அந்தச் சான்றிதழ் ஏழாம் மட்டம்வரை போகும், ஏழு என்றால் பட்டத்துக்குச் சமன். பாட்டன் காட்டை வெட்ட வந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இவ்வளவும் இருக்க, வெளிநாட்டு ஏஜென்சிக்காரனிடம் காணி உறுதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளையும் பார்க்கிறேன். போகிறவனைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேறு எதையும் போய்ப் பார்க்காமலே போவதுதான் மனதுக்குக் கஷ்டம்.

பெண்பிள்ளைகள் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். தகப்பன் இல்லாத வீடுகளில் மூத்த மகள் ஓ.எல்.லோடு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறாள், தம்பி ரியூசனுக்குப் போகிறான். அவளிடம் விருப்பம் கேட்டவர் யார்?

அஸீஸ் 1973 நவம்பரில் மரணித்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அவர் மரணித்த பிறகு, கௌரவ இலக்கியக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் முடிக்காமல் விட்டு வந்தவருக்கு சொந்த ஊர் கொடுத்த பட்டம். அவர் பிறந்த தெருக்களில் இருந்த எங்கள் சனம் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டது வேறு கதை, அதை இன்று எழுதவில்லை.

இந்தக் கிழமை பாடம் தெரியும் பிள்ளைகள் இருந்தால், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு பாடசாலையில் என்னைச் சந்திக்கலாம். ரிசல்ட் ஷீட்டையும் கொண்டு வாருங்கள். அக்காமார் கூட வரலாம், ஆனால் முதல் பத்து நிமிடம் பிள்ளைதான் பேச வேண்டும். மின்சாரம், வாகனம், தாதியம், வங்கி, விவசாயம் என்று எந்தத் தொழிலிலாவது இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கீழே எழுதுங்கள். எந்தப் பாடம் எடுத்தீர்கள், எங்கே படித்தீர்கள், செலவு எவ்வளவு, முதல் சம்பளம் எவ்வளவு. பெயர் போட விருப்பம் இல்லையென்றால் இன்பொக்ஸில் அனுப்புங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.