மாவு மூட்டையும் மனசாட்சியும் – 9
பட்டியலில் யார்?

போன வாரம் பாலஸ்தீனத்தின் ஃபலூஜா என்ற ஊரில் நிறுத்தியிருந்தோம். 1949 பிப்ரவரி 24 அன்று எகிப்தும் இஸ்ரேலும் ரோட்ஸ் தீவில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அந்த ஊர் மக்கள் விரும்பினால் அங்கேயே இருக்கலாம் என்று எழுத்தில் உறுதி தரப்பட்டது. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் தொண்டர்கள் சாட்சியாக ஊருக்குள் தங்கினார்கள். அடியையும் மிரட்டலையும் கண்ணால் கண்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஊர் காலியாகிவிட்டது.

அதன் பிறகு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஐ.நா.வுக்குக் குவேக்கர்களிடமிருந்து இன்னொரு கடிதம் போனது. காஸாவில் நாங்கள் செய்யும் நிவாரணப் பணியை முடித்துக்கொள்ள விரும்புகிறோம் என்பதே அதன் சாரம்.

சோறு போட்ட கை ஏன் விலக வேண்டும்? பணம் தீர்ந்ததாலா, சலிப்பாலா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் சொன்ன காரணம் வேறு. அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு என்ற இந்தக் குவேக்கர் அமைப்பு, 1948 கடைசியில் ஐ.நா. கேட்டுக்கொண்டதால் சில மாதப் பணி என்று நினைத்துத்தான் காஸாவுக்கு வந்தது. அமைதி வந்துவிடும், போரால் காஸாவுக்கு வந்து சேர்ந்த அகதிகள் ஊர் திரும்புவார்கள் என்று நம்பியது. 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 194-ஆம் தீர்மானமும், விரும்பும் அகதிகளை ஊர் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்றது. அவர்கள் திரும்ப வழி பிறக்கவில்லை. மாவு மட்டும் மாதம் தவறாமல் வந்தது. இப்படி முடிவே இல்லாமல் உணவு கொடுத்துக்கொண்டிருப்பது மக்களின் மனத்திடத்தை அரித்துவிடும், அரசியல் தீர்வு காண வேண்டியவர்கள் காலம் கடத்தவும் வசதியாகிவிடும் என்று குவேக்கர்கள் வாதிட்டார்கள். பசித்தவன் முன்னால் நின்று இதைச் சொல்வது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் என் கணிப்பில் அது கோழைத்தனமில்லை. தங்கள் நல்ல பெயர் அடுத்தவரின் அலட்சியத்துக்குத் திரையாவதை அவர்கள் ஏற்கவில்லை.

குவேக்கர்கள் தங்கள் கூட்டங்களில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. மௌனமாக உட்கார்ந்து, பேசி, எல்லோரும் ஒருமனப்படும்வரை காத்திருப்பார்கள். அப்படிப் பழகியவர்களுக்குத்தான், ஆம் அல்லது இல்லை என்று உடனுக்குடன் சொல்லியாக வேண்டிய வேலை காஸாவில் வாய்த்தது. அன்று அங்கே பணியாற்றியவர்களில் ஹோவார்ட் ரிக்கின்ஸும் ஒருவர். இலங்கை வாசகர்கள் சிலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். சுதந்திர இலங்கையின் அரசியலை ஆராய்ந்து 1960-இல் நூல் எழுதியவர், பின்னாளில் கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் இவர்தான்.

ஐ.நா. அவகாசம் கேட்டது. மாற்று ஏற்பாடு ஆகும்வரை இருங்கள் என்றது. இருந்தார்கள். அந்தக் கடைசி மாதங்கள்தான் மிகக் கடினமானவை. போகப்போகிறவர் நடத்தும் நிர்வாகம் அது. பள்ளிகளைக் கைவிட முடியாது. அகதிகளிலிருந்தே ஆசிரியர்களைத் தேடிப்பிடித்துக் கூடாரங்களில் தொடங்கியவை அவை. காஸாவின் நுசைராத்தில், பழைய பிரிட்டிஷ் ராணுவச் சிறை வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் குடியிருந்தார்கள். பால் நிலையங்களில் யூனிசெஃப் தந்த பால்பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும், குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. உணவு பெறுவோரின் பட்டியல்.

புதிதாக வருகிறவரிடம் பட்டியலைச் சுத்தமாகக் கொடுத்தாக வேண்டும். பிறப்பு ஓடோடி வந்து பதிவாகும்; சாவு பதிவாகாது. ரேஷன் கார்டோடு வாழ்ந்தவர்கள் நாம், நமக்கு இது புரியாமல் போகாது. செத்த பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டால் உயிரோடிருக்கும் பிள்ளையின் தட்டில் மாவு குறையும். அந்தத் தாயைப் பொய் சொன்னவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கணக்கெடுப்பாளரைக் கண்டு ஜனங்கள் ஒதுங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தலையை எண்ணுவது, நம்மை வேறு தேசத்துக்கு ஏற்றி அனுப்பத்தான் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களின் நிலை இன்னும் மோசம். காஸாவின் சொந்த மக்கள் சுமார் 80,000 பேர். வந்து சேர்ந்த அகதிகளோ சுமார் 2 லட்சம். சொந்த மக்கள் பலருக்கு வீடு இருந்தது, வயல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. துறைமுகத்து வேலையும் போயிற்று, சந்தையும் போயிற்று. பக்கத்துக் கூடாரத்தில் அடுப்பு புகையும், இவர்கள் வீட்டில் புகையாது. ஆனால் விதிப்படி, வீட்டையும் பிழைப்பையும் சேர்த்து இழந்தவரே அகதி. பசியை இப்படிப் பிரித்துப் பார்க்க குவேக்கர்களின் மனம் ஒப்பவில்லை. ஐ.நா. விதியோ மாறவில்லை.

1949 டிசம்பர் 8 அன்று பொதுச்சபை 302-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. புதிய நிவாரண, வேலைவாய்ப்பு முகமை ஒன்று பிறந்தது. அதுதான் இன்றும் இருக்கும் உன்ர்வா. நேரடி நிவாரணம் 1950 டிசம்பர் 31-க்குள் முடிய வேண்டும், அதற்குள் அகதிகளுக்கு வேலை காட்ட வேண்டும் என்று தீர்மானம் கெடு வைத்தது.

1950 ஏப்ரல் 30 அன்று குவேக்கர்களின் பொறுப்பு முடிந்தது. மே 1 அன்று கிடங்கு, பள்ளி, உள்ளூர் ஊழியர்கள், பட்டியல் எல்லாம் உன்ர்வாவின் கையில்.

இனி எட்டே மாதம். சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய துண்டு நிலத்தில் 2 லட்சம் பேருக்கு எங்கே வேலை தேடுவது? தேடியவர்களின் பார்வை தெற்கே எல்லையைத் தாண்டிப் போனது. நைல் நதி நீரைச் சூயஸ் கால்வாயைக் கடந்து கொண்டுபோய், சினாய்ப் பாலைவனத்தில் அகதிகளைக் குடியமர்த்தும் திட்டம் ஒன்று உருவெடுக்கும். கணக்கெடுப்பாளரைக் கண்டு ஒதுங்கியவர்கள் எதற்கு அஞ்சினார்களோ, அதுவே வரைபடமாக வரும். 1955 மார்ச்சில் அதை எதிர்த்துக் காஸாவின் தெருக்கள் கொந்தளிக்கும். அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் ஓர் இளம் கவிஞர் நிற்பார்.

யார் அவர்? திட்டம் என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம் தொடரும்)