தோணியின் உள்ளே சில சொற்கள்

கப்பலைப் பற்றி எழுதும் நம் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கரையில் நின்றே எழுதுகிறார்கள். எந்தத் துறைமுகம், எத்தனை டன், யாருடைய கொடி என்பனவே அவர்களுக்கு முக்கியம். கலத்தின் உள்ளே மனிதன் எங்கே உலை வைத்தான், குடிநீரை எதில் அடைத்தான், தன் உடைமையை எங்கே பூட்டினான் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. இவற்றுக்கு ஆவணச் சான்று குறைவுதான். ஆனால் சொற்சான்று உண்டு. அதைத் தேட ஏற்ற இடம் புன்னைக்காயல்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இச்சிற்றூர், தூத்துக்குடி தலையெடுக்குமுன் முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியரின் முதன்மைத் தளமாக இருந்தது. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் புன்னைக்காயலில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்றார். போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. இந்தக் கதையை நாம் அச்சு வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். குருமாரோடு தச்சரும் மாலுமியரும் சமையற்காரரும் வந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் விட்டுச்சென்ற தமிழ் ஏட்டில் ஏறியதன்று, வாயில் ஏறியது.

பீப்பாய், குசினி, அலமாரி, மேசை, சாவி ஆகிய ஐந்து சொற்களும் போர்ச்சுக்கீசியம் தந்தவை. ஒரு கலத்தை மனிதர் குடியிருக்கத்தக்கதாக ஆக்குவதற்கு வேண்டியவை ஏறக்குறைய இவ்வளவே. பலகைகளின் இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலையான கலப்பற்றும் அம்மொழி வழியே வந்தது என்பர். அதன் மூலச் சொல்லுக்கு அரபியோடும் உறவு சொல்லப்படுகிறது.

இனிக் கலத்தின் பிற பகுதிகளைப் பார்ப்போம். அணியம், பாய்மரம், துடுப்பு ஆகியவை தமிழ். கலத்தைக் கட்டும் தச்சருக்கு ஓடாவி என்ற தனிப்பெயரே உண்டு. திசை திருப்பும் சுக்கானும், திசை அறிந்த மாலுமியும் அரபு வழி வந்த பெயர்கள். தண்டல், கலாசி, பண்டாரி என்ற பணிப்பெயர்கள் மேற்குக் கரைத் துறைகளுக்கும் பொதுவானவை. உடல் தமிழ், திசை அரபு, குடித்தனம் போர்ச்சுக்கீசியம் என்று சற்றே எளிமைப்படுத்திச் சொல்லலாம்.

ஏன் இப்படி? திறவுகோல், அடுக்களை, மிடா என்பன நம்மிடம் முன்பே இருந்தன. ஆகவே சொல் இல்லாமையால் வந்த கடன் அன்று இது. முத்துக்குளிக்கும் வள்ளம் இரவின் நிலக்காற்றில் புறப்பட்டுப் பிற்பகலின் கடற்காற்றில் திரும்பிவிடும். அதனுள் இருந்தவை மூழ்குகல், கயிறு, சிப்பி அள்ளும் வலைப்பை, மனித உடல்கள் ஆகியவையே. அங்கே அறைக்கும் அலமாரிக்கும் தேவையில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடந்த ஐரோப்பியக் கப்பலுக்கோ பண்டகமும் பூட்டும் இன்றியமையாதவை. யாருக்கு எவ்வளவு என்ற பிரிவினை அதன் உள்ளமைப்பிலேயே இருந்தது. நம் வள்ளத்துக்கு அந்தப் பூட்டு கரையில் இருந்தது: ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் சிப்பிக் குவியலில் மூன்றில் ஒரு பங்கே குளித்தவர்க்கு, எஞ்சியது அரசுக்கு.

முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளில் பாய் போய் இயந்திரம் வந்தது, தோணித்தொழிலும் சுருங்கியது. ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் (2009) இவ்வுலகின் சொற்கள் பலவற்றைக் காத்துத் தந்தது. ஆனால் நாவல் அகராதியாகாது. ஓடாவிகள் வரைபடம் போட்டுக் கட்டியவர்கள் அல்லர். அளவுகளும் உறுப்புப் பெயர்களும் அவர்கள் நினைவிலேயே இருந்தன.

தனித்தமிழ் ஆர்வத்தால் சாவியைத் திறவுகோல் என்று எழுதுவதில் எனக்குப் பிணக்கில்லை. எழுதுவது நம் விருப்பம். ஆனால் வரலாற்றைப் படிப்பவனுக்குக் கடன்சொல் அழுக்கு அன்று. யார் யாரோடு ஒரே தளத்தில் நின்று வேலை செய்தார் என்பதற்கான சாட்சியம். தமிழ்த்துறை மாணவர்கள் சங்கப்பாடலில் நாவாயைத் தேடும் அதே ஊக்கத்தோடு, இன்னும் உயிரோடிருக்கும் முதிய ஓடாவிகளிடமும் தண்டல்களிடமும் போய் உட்கார வேண்டும். பாடல்கள் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க இயலாது.