சொற்பலகையில் காவிரிப் படுகை: தமிழ் வேருள்ள ஆங்கிலச் சொற்கள் நான்கு

1. நோக்கம்

ஸ்கிராபிள் ஆடுவோர் அரிய ஆங்கிலச் சொற்களைப் பொருள் பாராமல் மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றுட் சில தஞ்சை வட்டாரத்தில் அன்றாடம் புழங்குபவை. இந்தியப் போட்டிகளில் செல்லுபடியாகும் காலின்ஸ் சொற்பட்டியலிலிருந்து நான்கு சொற்களை இங்கே ஆராய்கிறோம். பொருள் தெரிந்தால் சொல் பெயரா வினையா என்பது விளங்கும். அது விளங்கினால் பலகையில் அதை எப்படி நீட்டலாம் என்பதும் விளங்கும்.

2. தஞ்சையும் அகராதியும்

இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் ஏறிய சொற்களுக்கு முதன்மையான அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. அதைத் தொகுத்த இருவரில் ஆர்தர் கோக் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தந்தவர். அவர் 1882இல் மறைந்தார். ஹென்றி யூல் பணியை முடிக்க, 1886இல் நூல் வெளிவந்தது.

3. சொற்கள்

3.1 ஆனிகட்

'அணைக்கட்டு' என்பதன் ஆங்கில வடிவம். கல்லணையை ஆங்கிலேயர் 'கிராண்ட் ஆனிகட்' என்றனர். 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எழுப்பிய மேலணைக்கும் இச்சொல்லே வழங்கியது. ஆறெழுத்து, 8 புள்ளி. 'என்' இரட்டித்த வடிவமும் செல்லும். இது பெயர்ச்சொல் மட்டுமே. ஆகவே பின்னால் பன்மை 'எஸ்' தவிர வேறு விகுதி ஏற்காது.

3.2 டோப்

'தோப்பு' நான்கெழுத்தாகி 6 புள்ளி பெறுகிறது. இதே எழுத்துக்கோவை ஆங்கிலத்தில் ஒரு சுறா வகையையும், பௌத்தத் தூபியையும், மிகுதியாகக் குடித்தலையும் குறிக்கும். தோப்பும் சுறாவும் தூபியும் பன்மையோடு நின்றுவிடும். குடித்தல் வினையாதலால் இறந்தகால வடிவமும் குடிப்பவரைக் குறிக்கும் வடிவமும் அதிலிருந்து பிறக்கின்றன.

3.3 கான்ஜீ

கஞ்சி. ஆறெழுத்து, 15 புள்ளி. அதில் 8 'ஜே' ஒன்றுக்கே. ஆட்டத்தில் 'ஜே' கட்டை ஒன்றுதான். சோறு வடித்த கஞ்சியில் வேட்டியை முக்கி, பிழிந்து, விறைப்பாகக் காயவைப்பது நம் வீட்டு வழக்கம். ஆங்கிலமும் இதை வினையாக ஏற்றுக்கொண்டது: 'கஞ்சி போட்டான்' எனும் பொருளில் இறந்தகால வடிவமும் செல்லும். குடிக்கும் கஞ்சியை மட்டும் அறிந்தவர் இந்த நீட்சியைத் தவறவிடுவார்.

3.4 வெட்டிவேர்

கோடையில் பானைத் தண்ணீரில் போடும் அதே வேர்தான். ஏழெழுத்து, 13 புள்ளி. கைக்கட்டை ஏழையும் ஒரே முறையில் இறக்குவதால் 50 புள்ளி கூடுதலாக வரும். இரண்டெழுத்துச் சொல் எதிலும் 'வி' இல்லை. ஆகவே அதைக் கழிப்பது கடினம். ஆட்டத்தில் உள்ள இரண்டு 'வி' கட்டைகளும் ஒருவர் கையிலேயே சேர்ந்துவிட்டால், இரண்டையும் ஒருங்கே இறக்க இச்சொல் வழிசெய்யும். இறுதியில் 'டீ' சேர்த்தால் அந்த வேரின் எண்ணெயைக் குறிக்கும் எட்டெழுத்துச் சொல்லாகும்.

4. ஒரு வரையறை

வயலில் விளைவதெல்லாம் தமிழிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனதென்று கொள்ளலாகாது. நெல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் அகராதியில் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

5. முடிவு

சொல், பொருள், சொல்வகை, நீட்சி என நான்கு பத்தியில் குறிப்பேடு எழுதிப் பயில்வது வெறும் பட்டியலை உருப்போடுவதைவிடப் பயன் தரும். டெல்டா மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலச் சொல்லாட்டம் கற்பிப்போர் இந்நான்கு சொற்களிலிருந்து தொடங்கலாம். இவற்றின் பொருளை அங்குள்ள மாணவர் முன்பே அறிவர். எழுத்துக்கூட்டை மட்டும் கற்றால் போதும்.