தொலைபேசி வீட்டை விட்டுக் கைக்கு வந்த வரலாறு

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் பகுதி பெஹாலா. முன்னாளில் டிராம் வண்டி ஊர்ந்து சென்ற அச்சாலையின் மேல் 2022ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ இரயில் ஓடுகிறது. தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இங்கே வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றன் தலைவர், பணியிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர், ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் இவ்வாறு கேட்டார்: "தம்பி, வீட்டுத் தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு நல்ல கைப்பேசி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கும் எண். விடலாமா?"

வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. அவருடைய மனைவியார் நோயாளி. மகன் பெங்களூரில் இருக்கிறான்; மகள் திருச்சியில் வாழ்கிறாள். ஓய்வூதியம் ஒன்றே வருவாய். நள்ளிரவில் உதவி வேண்டின் எக்கருவி கைகொடுக்கும் என்பதே அவரது கவலை. உடனே விடை கூற நான் துணியவில்லை. இந்தக் கருவி நம்மிடம் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தால்தான், எதை விடுகிறோம், எதைப் பெறுகிறோம் என்பது விளங்கும். அவ்வழி கொல்கத்தாவிலேயே தொடங்குகிறது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷானஸி என்னும் மருத்துவர் 1839ஆம் ஆண்டில் இந்நகரின் அருகே கம்பி கட்டித் தந்திச் சோதனை நடத்தினார். 1851ஆம் ஆண்டில் கல்கத்தாவையும் டயமண்ட் ஹார்பரையும் இணைத்த தந்தி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பயனுக்கு வந்தது. கப்பல்களின் வரவை நகருக்கு முன்னறிவிக்கும் வேலை அதற்கு இருந்தது. இன்று பெஹாலாவின் ஊடே செல்லும் நெடுஞ்சாலை அந்தத் துறைமுகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அன்று பிறந்த தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாடெங்கும் முடிவுற்றது.

தந்திக்குப் பின் தொலைபேசி வந்தது. 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் தொலைபேசி நிலையங்கள் திறந்துவைக்கப்பட்டன. கல்கத்தா நிலையம் கவுன்சில் ஹவுஸ் தெருவில் 7ஆம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அமைந்தது. சந்தாதாரர் 93 பேரே. வணிகர்க்கும் ஆட்சியாளர்க்கும் உரிய பொருளாகவே தொலைபேசி நெடுங்காலம் விளங்கிற்று. தனியார் குழுமங்களின் வசமிருந்த இம்மூன்று நகரங்களின் தொலைபேசிப் பணியை அரசு 1943இல் ஏற்றது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ 80,000 இணைப்புகளே இருந்தன.

பின்னர் வந்த காலத்தைக் காத்திருப்பின் காலம் எனலாம். விண்ணப்பித்த ஒருவர் இணைப்பைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் கடப்பது வழக்கமாயிருந்தது. இணைப்புக் கிடைத்த இல்லமோ தெருவுக்கெல்லாம் பொதுச்சொத்தாகிவிடும். அண்டை வீட்டாருக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு சிறுவன் ஓடிச்சென்று அழைத்து வருவான்.

ஹௌராவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவு. அத்தொலைவைக் குரல் கடக்க ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என அழைப்புகள் மூவகைப்பட்டன. விரைவுக்கேற்பக் கட்டணமும் உயரும். ஆதலால் நம்மவர் பலர்க்கு ட்ரங்க் கால் என்றாலே மனம் துணுக்குறும். பிறப்பும் இறப்பும் அன்றி வேறு செய்திக்கு யார் அவ்வளவு செலவிடுவார்?

இடையில் ஆள் இன்றித் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூரை அழைக்கும் எஸ்.டி.டி. முறை 1960ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிற்று. 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் நிலையம் நம் நாட்டின் வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் இணைப்பகக் கருவிகளை வடிவமைத்தது. அதன் பயனாகச் சிற்றூர்களிலும் தொலைபேசி நுழைந்தது, தெருமுனைகளில் எஸ்.டி.டி. சாவடிகள் தோன்றின. இரவு வெகுநேரமானால் கட்டணம் காற்பங்காகும். அந்நேரத்துக்காகச் சாவடி வாசலில் வரிசையில் நின்று, கட்டணம் காட்டும் சிவப்பு எண்களின் மேல் ஒரு கண்ணும் கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணுமாக அன்னையோடு பேசிய நினைவு, வெளிமாநிலத் தமிழர் பலர்க்கும் உண்டு.

இந்நிலையில் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஒரு புதுமை நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து, தில்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு என அது குறிக்கப்படுகிறது. ஆயினும் எளியோர்க்கு அதனால் உடனடிப் பயன் விளையவில்லை. நிமிடம் ஒன்றுக்குக் கட்டணம் 16 ரூபாய் வரை ஆயிற்று. அழைப்பவரிடம் மட்டுமன்றி, அழைப்பைப் பெறுபவரிடமும் பணம் கொள்ளப்பட்டது. ஆகவே, மணி அடித்தால் எடுப்பதற்கே அஞ்சினர்.

இங்கே ஓர் உண்மையை நாம் உற்றுநோக்க வேண்டும். கைப்பேசி மலிவானதற்குக் கருவியின் விலை சரிந்தது மட்டும் காரணமாகாது. விதிகள் மாறியதும் காரணம். 1999ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கை, குழுமங்கள் பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்டும் முறையை மாற்றி, வருவாயில் ஒரு பங்கை அரசுக்கு அளிக்கும் முறையைக் கொணர்ந்தது. 2003ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து, அழைப்பவரே பணம் தருவார், பெறுபவர் தர வேண்டியதில்லை என்னும் ஏற்பாடு வந்தது. ஏழைத் தொழிலாளி கைப்பேசி வைத்துக்கொள்ளத் துணிந்தது அதன் பின்னரே. 2004ஆம் ஆண்டிலேயே கைப்பேசிகளின் தொகை தரைவழி இணைப்புகளின் தொகையை விஞ்சிற்று.

அடுத்துத் தொலைவு என்னும் சுவர் சரிந்தது. 2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ‘ஒன் இந்தியா’ திட்டத்தின்கீழ் இந்தியாவின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என அறிவித்தது. 2009இல் நொடிக்கணக்கில் கட்டணம் பெறும் முறை பரவியது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் கிட்டிற்று. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ பணி தொடங்கியபின், பேச்சுக்குத் தனிக்கட்டணம் என்பதே மறையலாயிற்று. டேட்டாவுக்கே விலை என்றாயிற்று.

ஆனால் மலிவு என்றும் நிலைப்பதில்லை. 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தின. பேச மட்டுமே விரும்பும் முதியவர்களும் தமக்கு வேண்டாத டேட்டாவையும் சேர்த்தே விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. இக்குறையைக் களையும்பொருட்டு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் விதித்தது. அத்தகைய சிறப்புத் திட்டங்களின் காலவரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டப்பட்டது. பலர் இதனை அறியார்; கடைக்காரரும் தாமாகச் சொல்லார். நாம்தாம் கேட்டுப் பெறவேண்டும்.

இனிப் பெஹாலா முதியவரின் வினாவுக்கு வருவோம். தரைவழித் தொலைபேசியின் தலையாய சிறப்பு யாது? செப்புக் கம்பி வழியே இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்தே அதற்கு மின்னாற்றல் வருகிறது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் உம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது, நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இன்றித் தவித்தன. அதனை நினைந்தே பெரியவர் தயங்கினார்.

நான் அவருடைய கருவியைப் பார்த்தேன். அதன் செப்புக் கம்பி முன்னரே அகற்றப்பட்டுக் கண்ணாடி இழை இணைப்பு வந்திருந்தது. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்னாற்றலைக் கடத்தாது. சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ஆதலின், மின்சாரம் போனால் அத்தொலைபேசியும் ஊமையாகும். எந்தச் சிறப்புக்காக அவர் அதனை விடாது பற்றியிருந்தாரோ, அது அவர் அறியாமலே போய்விட்டிருந்தது. இதனைக் கூறியபோது அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் எண் ஒன்றுதான் மிச்சம்" என்றார்.

அவ்வெண்ணைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. ஆகவே மூன்று திங்கள் இரண்டையும் வைத்திருந்து, உறவினர், மருத்துவர் அனைவர்க்கும் புதிய எண்ணைத் தெரிவித்த பின்னரே பழையதை ஒப்படைப்பது என்று முடிவு செய்தோம். வங்கியும் அரசு அலுவலகங்களும் குறுஞ்செய்தியாக அனுப்பும் இரகசிய எண்ணைப் பெறுதற்கும் கைப்பேசி இன்றியமையாததாகிவிட்டது. அந்த எண்ணைக் கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தேன்.

தெரிவு செய்வார்க்குச் சில சொற்கள். விளம்பரத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டா. உங்கள் படுக்கையறையில் எதன் அலை தெளிவாகக் கிட்டுகிறது, ஊரில் உள்ளவர் வீட்டில் எது கிட்டுகிறது என்று அயலாரிடம் கேட்டு அறிக. கருவி வாங்குங்கால் மின்கலத்தின் உழைப்பு, ஒலியின் உரம், தமிழ் எழுத்து வசதி, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பவற்றை நோக்குக. புகைப்படத்தின் நுட்பத்துக்காக மிகுபொருள் கொடுத்தல் வேண்டா. பேரப்பிள்ளைகளின் முகம் காண விரும்பினால் டேட்டா கொள்க. இன்றேல் பேச்சுத் திட்டமே போதும். நெடுநாள் பணம் கட்டாது விட்டால் எண்ணே கைநழுவிப் போகும் என்பதையும் மறவற்க. நோயாளி இருக்கும் இல்லத்தில், வேறொரு நிறுவனத்தின் சிம் இட்ட எளிய பொத்தான் கைப்பேசி ஒன்றும் மின்னேற்றி வைத்திருத்தல் நலம். ஒரு மின்னேற்றத்தில் அது பல நாள் உழைக்கும்.

93 பேர்க்கு மட்டுமே உரியதாய்க் கவுன்சில் ஹவுஸ் தெருவில் தொடங்கிய கருவி, இன்று பெஹாலாவில் காய்கறி விற்பவர் கையிலும் இருக்கிறது. முதியவர் தமது பழைய கருவியை அலமாரியின் மேல்தட்டில் துடைத்து வைத்திருக்கிறார். புதிய கைப்பேசியில் அவருடைய மனைவியார் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் திருச்சி மகளோடு பேசுகிறார். அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.