விசில் ஏன் ஊதப்பட்டது? றக்பி விதிகளும் கொழும்புத் தமிழ்ப் பார்வையாளரும்

றக்பியின் விதிகள் சிக்கலானவை, மத்தியஸ்தரின் தீர்ப்புகள் புரிவதில்லை, ஆகவே புதியவர்கள் பார்க்க வருவதில்லை என்பது நெடுநாளைய வாதம். உலக றக்பி அமைப்பே 2018இல் விதிநூலை வெகுவாகச் சுருக்கி 21 விதிகளுக்குள் அடக்கியது. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இலங்கை நல்ல களம்.

இங்கு 1879 முதல் றக்பி ஆடப்படுகிறது. அதற்கான சங்கம் 1908இல் அமைந்தது. 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயத்துக்காக றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் இரு கட்டங்களில் மோதும். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி தீர்மானமாகும். மைதானம் நிரம்பி வழியும். கொடி பிடித்து நிற்பவர்களில், இரு அணியினரும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம் சரிந்ததற்குக் குற்றவாளி யார் என்று சொல்லக்கூடியவர்கள், என் கணிப்பில், மிகக் குறைவு. ஆனால் முதற்கட்டத்தில் விட்ட புள்ளிகளைப் பிடிக்க இன்னும் எத்தனை ட்ரை வேண்டும், ட்ரை ஒன்றுக்கு 5 புள்ளி என்ற கணக்கு எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். பாடசாலைப் பற்று முதலில் வந்தது. விதி பிறகு வந்தது, சிலருக்கு வரவேயில்லை.

கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் தெஹிவளை, கல்கிசை தாண்டி இரத்மலானை. கல்கிசையில் பரி. தோமாவின் கல்லூரி இருக்கிறது. இரத்மலானை விமானப் படை மைதானத்தில் கழகமட்டப் போட்டிகள் நடக்கின்றன. தூரம் தடையல்ல. ஆயினும் வெள்ளவத்தைத் தமிழர் இவற்றுக்காக பஸ் ஏறுவது அபூர்வம். குறுந்தூர ஓட்டத்தில் பேரெடுத்து றக்பியிலும் புகழ்பெற்ற சும்மா நவரத்னம் போன்றோர் நம்மிடையே இருந்தார்கள். ஆனால் அது றோயல் வழி வந்த மரபு. தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு ஊடாகப் பரவிய மரபன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவருக்கு, மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமர்தான் சொந்தச் சமர். அது கிரிக்கெட்.

அந்தக் கிரிக்கெட்டின் விதிகள் எளியவையா? பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, காலில் எந்த இடத்தில் பட்டது, துடுப்பாட்டக்காரர் அடிக்க முயன்றாரா, விக்கெட்டைத் தாக்கியிருக்குமா: எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்குள் இத்தனை கேள்விகள். பள்ளிக்கூடப் பையனும் அதைப் பற்றி வாதிடுகிறான். ஆக, சிக்கல் மட்டுமே ஆளை விரட்டுவதில்லை.

இவ்வொப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கவும் முடியாது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆட்டம் நிற்கிறது. கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன. றக்பியின் ரக்கில், அதாவது விழுந்தவரின் பந்துக்காக இரு அணியினரும் குவிந்து தள்ளும் இடத்தில், எல்லாம் ஒரேயடியாக நிகழும். விழுத்தியவர் பிடியை விட வேண்டும். விழுந்தவர் பந்தை விட வேண்டும். உதவிக்கு வருபவர் பக்கவாட்டில் நுழையாமல் பின்னாலிருந்து வர வேண்டும். காலூன்றி நிற்க வேண்டும். ஏனையோர் கடைசிக் காலுக்குப் பின்னே நிற்க வேண்டும். மூன்று விநாடிக்குள் இவற்றில் இரண்டு மூன்று மீறப்படலாம். மத்தியஸ்தர் ஒன்றைத் தெரிந்தெடுத்து விசில் ஊதுகிறார். மற்றவற்றை ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார். பழகிய கண்ணுக்கும் எது தண்டிக்கப்பட்டது என்பது பிடிபடாது. புதியவரைச் சலிக்க வைப்பது விதியின் எண்ணிக்கையல்ல, காரணம் சொல்லப்படாத இந்தத் தெரிவுதான்.

2023 உலகக் கிண்ண இறுதியில் தென்னாபிரிக்கா 12–11 என நியூசிலாந்தை வென்றது. அதில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித்தின் ட்ரை, சில கட்டங்களுக்கு முன், எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியும் லைன் அவுட்டில் நடந்த நொக் ஒன் (பந்து கையிலிருந்து முன்னே தவறுதல்) காரணமாக மறுக்கப்பட்டது. அதே அணியின் சாம் கேனின் மஞ்சள் அட்டையை வெளியிலிருந்த மீளாய்வாளர் சிவப்பாக்கினார். சர்ச்சை ஓயவில்லை. ஆனாலும் தொலைக்காட்சிப் பார்வையாளர் மத்தியஸ்தரின் ஒலிவாங்கி வழியே காரணத்தைக் காதால் கேட்டார். இரத்மலானையில் எல்லைக்கோட்டருகே நிற்பவருக்குக் கேட்பது விசில் மட்டுமே.

விதியை வெட்டி எளிதாக்கினால் கூட்டம் பெருகும் என்பதற்கும் சான்று மெலிது. 1895இல் பிரிந்துபோன றக்பி லீக், லைன் அவுட்டை நீக்கியது. 1906இல் அணியை 13 பேராக்கி, விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளும் முறையைப் புகுத்தி ரக்கையே ஒழித்தது. பார்க்க அது தெளிவான ஆட்டம். ஆனாலும் வட இங்கிலாந்து, கிழக்கு அவுஸ்திரேலியா, பப்புவா நியூகினி போன்ற சில இடங்களில்தான் அது பெருவிளையாட்டாக வேரூன்றியது.

தமிழருக்குக் கிரிக்கெட்டைச் சொல்லித்தந்தது விதிநூல் அல்ல, அப்துல் ஜப்பார் போன்றோரின் வானொலிக் குரல். றக்பிக்கு அத்தகைய தமிழ்க் குரல் வாய்க்கவில்லை. நேரலை வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலம். மத்தியஸ்தரின் கைச்சைகைகளோ ஏற்கெனவே ஒரு விளக்கவுரை: கை சரிவாக உயர்ந்தால் பெனல்டி, கிடையாக நீண்டால் ஸ்க்ரம், இடுப்பளவில் நீண்டு ஆட்டம் தொடர்ந்தால் அட்வான்டேஜ். தமிழ் அறிவிப்பாளர் ஒருவரும் அவரருகே ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் ஒருவரும் இருந்தால் ஒரே பருவத்தில் இவை பழகிவிடும். பற்று அப்படி வராது. அதற்கு இரத்மலானை இந்துக் கல்லூரி போன்ற பாடசாலைகளில் இவ்வாட்டம் வேரூன்ற வேண்டும். எழுவர் றக்பியில் தொடங்குவதே உசிதம்: பாதிக்கு 7 நிமிடம், ரக்கில் குவியும் ஆட்கள் குறைவு, விசில் ஏன் என்பதும் கண்ணுக்கே தெரியும்.